பதில் வராத நாற்பத்தொரு செய்திகள்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, சொந்தத் தொழில் நடத்தும் பழைய மாணவிகளுக்காகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற அமர்வில், இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலைச் சேர்ந்து நடத்தும் இரு பழைய மாணவிகள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஒரு ஒலிவாங்கிக்கு முன்னால் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறீர்கள். இந்த மண்டபத்தில் நாங்கள் தனித்தனியாக நின்ற நாளே இல்லை. பிந்தி வந்ததற்கு வாசலில் நிறுத்திவைத்தபோதும் சோடியாகத்தான் நின்றோம்.

வியாபார இணையத்தளங்கள் வந்துபோகிறவர்களின் கருத்தைக் கேட்டு எப்படித் தங்களைத் திருத்திக்கொள்ளலாம் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு தகுதி உண்டு. கேட்காமல் இருந்து வெட்கப்பட்டவர்கள் நாங்கள்.

அதற்கு முன் விடுதியில் இருந்தவர்களுக்கு ஒரு ஞாபகம். எங்கள் காலத்தில் சாப்பாட்டு அறை வாசலில் ஒரு பால்மாப் பேணி இருந்தது. மூடியில் கத்தியால் கீறிய துவாரம். குறை இருந்தால் கொப்பித் தாளில் எழுதி அதற்குள் போடலாம், பெயர் போடத் தேவையில்லை. சனிக்கிழமை இராச் சாப்பாடு முடிந்ததும் மேற்றன் பேணியைக் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் உரத்து வாசிப்பார்.

"சொதி தண்ணியாய் இருக்கு. ஓம், தண்ணிதான். தேங்காய் விலை ஏறிப்போச்சு, மாச முடிவு மட்டும் இப்பிடித்தான் இருக்கும்." அடுத்த துண்டு. "குளிக்க நேரம் காணாது. சரி, திங்கட்கிழமையில இருந்து கால் மணித்தியாலம் கூட." அதற்கடுத்தது. "சுவரிலே பல்லி. பல்லிக்கு நான் என்ன செய்ய?" எல்லோரும் சிரிப்போம். ஆனால் திங்கட்கிழமை கால் மணித்தியாலம் உண்மையிலேயே கூடியிருக்கும். மாத முடிவில் சொதியும் கொஞ்சம் தடிக்கும்.

எங்கள் கதைக்கு வருகிறோம். 2016 இல் திருநெல்வேலியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இரண்டு கணினிகளோடு தொடங்கினோம். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சிறு வியாபாரிகள். தையற்காரர், புகைப்படக்காரர், விருந்தினர் விடுதி வைத்திருப்பவர், கல்யாண மண்டபக்காரர் என்று பலர். கொரோனாக் காலத்தில் வடமராட்சியிலிருந்து ஓர் அம்மா வந்தார். சத்துமா, மிளகாய்த்தூள், ஒடியல்மா எல்லாம் வீட்டோடு செய்கிறவர். ஆறு பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள், அவர்களில் நான்கு பேர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்கள். வெளிநாட்டிலிருந்து வந்துபோகிறவர்களின் சூட்கேஸ்தான் அதுவரை அவருடைய ஏற்றுமதி. விமானம் நின்றதும் வியாபாரமும் நின்றுவிட்டது. "பிள்ளையள், எனக்கும் ஒரு வெப்சைட் செய்து தாங்கோ" என்றார்.

செய்து கொடுத்தோம். வடிவாகத்தான் செய்தோம். பனைமரப் படம், பித்தளைச் செம்பு, "அம்மாவின் கைப்பக்குவத்தில்" என்ற வாசகம் எல்லாம் இருந்தன. பக்கத்தின் அடியில் "உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்" என்று ஒரு படிவமும் வைத்தோம். எங்கள் சங்கத்தின் வட்ஸ்அப் குழுக்களிலே அந்த இணைப்பைப் போட்டோம். லண்டன், ரொறன்ரோ, சிட்னி, மெல்பேர்ண் கிளைகளில் அதைப் பகிர்ந்தவர்கள் நீங்கள்தான். கட்டளைகள் வந்தன, சரக்குப் பொதிகளில் மா போயிற்று, எங்களுக்கும் பெருமை.

அந்தப் படிவத்தில் எழுதுகிறவை போய்ச் சேருவதற்காக நாங்கள் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்திருந்தோம். கடவுச்சொல்லை எங்கள் அலுவலகக் கொப்பியில் எழிதிவைத்தோம் என்று சொன்னால் ரீச்சர் எழுத்துப் பிழை பிடிப்பார், எழுதிவைத்தோம். இணையத்தளத்தை ஒப்படைத்த அன்று, சொன்ன இருபது விடயங்களோடு இருபத்தோராவதாக இதையும் அந்த அம்மாவுக்குச் சொன்னோம். பிறகு, அவர் பார்ப்பார் என்று நாங்களும், நாங்கள் பார்ப்போம் என்று அவரும் ஏழு மாதங்கள் இருந்துவிட்டோம்.

ஒருநாள் இணையத்தளத்தின் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய அலுவலுக்காக அந்த அஞ்சற்பெட்டியைத் திறந்தோம். நாற்பத்தொரு செய்திகள் இருந்தன.

ஒவ்வொன்றாக வாசித்தோம். விலை ரூபாவிலா டொலரிலா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பையின் தையல் விட்டுப்போய் மிளகாய்த்தூள் பெட்டி முழுக்கக் கொட்டுண்டதாக ஒருவர் படம் பிடித்து அனுப்பியிருந்தார். நோர்வேயிலிருந்து ஒருவர் மூன்று தடவை எழுதியிருந்தார். முதற் கடிதம் வணக்கத்தோடு பத்து வரி, இரண்டாவது இரண்டு வரி, மூன்றாவது வெறும் கேள்விக்குறி. பதினொரு பேர் தாங்கள் எந்த ஆண்டு உயர்தரம் எழுதியவர்கள் என்று சொல்லித்தான் தொடங்கியிருந்தார்கள். எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் செய்த தளம் என்ற உரிமையோடு எழுதியிருந்தார்கள். இந்த மண்டபத்தில் அவர்களில் சிலர் இருக்கிறார்கள், முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஐந்து மாதத்துக்கு முந்திய ஒரு செய்தி ஸ்காபரோவிலிருந்து வந்தது. தன் மூன்று வயது மகனுக்குக் கச்சான் ஒவ்வாது, சத்துமாவில் கச்சான் சேருகிறதா, சேராவிட்டாலும் கச்சான் அரைக்கிற மெஷினிலேயே இதையும் அரைக்கிறீர்களா என்று ஒரு தாய் கேட்டிருந்தார்.

உடனே வடமராட்சிக்கு அழைப்பெடுத்தோம். இரவு ஒன்பது மணி. சத்துமாவில் குரக்கன், சிவப்பரிசி, உழுந்து, பயறு, சோளம்தான், கச்சான் இல்லை என்றார். மெஷினைப் பற்றிக் கேட்டோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதே மெஷின்தான் பிள்ளை. மில்காரன் கச்சானும் எள்ளும் அதிலதான் அரைக்கிறவன்."

கச்சான் ஒவ்வாத ஒரு பிள்ளைக்கு, முன்னே அரைத்ததின் மிச்சமாக மெஷினில் ஒட்டியிருக்கிற கொஞ்சத் தூளே போதும், மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பக்கத்தில் நாங்கள் என்ன சேர்க்கிறார்கள் என்றுகூட எழுதவில்லை. கைப்பக்குவத்தைப் பற்றி எழுதினோம், பித்தளைச் செம்பின் படம் போட்டோம். அந்தத் தாயின் பெயரில் கட்டளை ஏதும் இல்லை என்று பட்டியலில் பார்த்தோம். ஆனால் கணவனின் பெயரில் இருக்கலாம், மாமியின் பெயரில் இருக்கலாம். அன்றிரவே பதில் எழுதினோம். மூன்றாம் நாள் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "பதில் வராதபடியால் வாங்கேல்லை, வேற கடையில வாங்கினனான்."

அவர் எங்களை நம்பாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. அந்த மூன்று நாளும் எங்களில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

வெளிநாட்டுக்கு உணவுப் பொருள் அனுப்புகிற தங்கச்சிமார் இதைக் கொஞ்சம் கவனியுங்கோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஆம் இலக்க உணவுத் தகவல் விதி, ஒவ்வாமை தரக்கூடிய பதினான்கு வகைப் பொருட்களைப் பட்டியலிடுகிறது. கச்சானும் எள்ளும் அதில் உண்டு. இணையத்தில் விற்கும்போது, அவை சேர்க்கப்பட்டிருந்தால் அந்தத் தகவல் வாங்குகிறவர் வாங்குவதற்கு முன்பே அவருக்குக் கிடைக்க வேண்டும். பையின் பின்புறத்தில் அச்சடித்தால் மட்டும் போதாது. ஒரு தாய் கேட்ட கேள்வி, நாங்கள் படிக்காமல் விட்ட சட்டத்தையும் சேர்த்துச் சொல்லித் தந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் எங்கள் வாடிக்கையாளர்களின் தளங்களையெல்லாம் திறந்து பார்க்கத் தொடங்கினோம். எல்லாவற்றிலும் ஒரு படிவம் இருந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் அது எங்கே போகிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. ஒரு விருந்தினர் விடுதியின் படிவம், வேலையை விட்டுப்போய் இரண்டு வருடமான ஒரு தம்பியின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே முதல் வேலை, செய்தி ஒருவருடைய கையில் போய்ச் சேருவது. ஒரு முகவரிக்குப் போனால் காணாது, பெயருள்ள ஒரு ஆளுக்குப் போக வேண்டும். எங்கள் ஊர்ச் சிறு வியாபாரி மின்னஞ்சல் திறந்து பார்ப்பது அபூர்வம், வட்ஸ்அப்பை நாளுக்கு நாற்பது தரம் பார்ப்பார். ஆகவே படிவத்தை அங்கே அனுப்பச் செய்யுங்கள், அல்லது வட்ஸ்அப் பொத்தானையே வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, முதலாம் திகதி என்று வைத்துக்கொள்ளுங்களேன், வேறொரு கைபேசியிலிருந்து உங்கள் தளத்துக்கே நீங்கள் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். வந்து சேருகிறதா, எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது என்று தெரிந்துவிடும். மின்னஞ்சலைத்தான் பாவிப்பேன் என்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்புகிறவர் யார் என்று உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவை எல்லோரிடமும் எதிர்பார்க்கிறது. அது இல்லாத தளங்களின் படிவச் செய்திகள் குப்பைப் பெட்டிக்குள் போய்விடலாம், வராமலே விடலாம். தளம் செய்து தந்தவரிடம் "எஸ்பிஎஃப் போட்டிருக்கோ?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முழித்தால் எங்களிடம் வாருங்கள். இது விளம்பரம்தான், மன்னிக்கவும்.

அடுத்தது, என்ன கேட்பது என்பது. பத்துக்கு எத்தனை புள்ளி தருவீர்கள் என்று கேட்கிற ஒரு முறை 2003 இலிருந்து வியாபார உலகத்தில் பிரபலம். பிரெட் ரைக்கெல்ட் என்பவர் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவ்யூ சஞ்சிகையில் எழுதிப் பரப்பியது. எங்களைப் பற்றி நண்பருக்குச் சொல்வீர்களா, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் தாருங்கள் என்பார்கள். ஒன்பதும் பத்தும் தந்தால் ஆதரவாளர், ஏழும் எட்டும் தந்தால் நடுநிலை, ஆறும் அதற்குக் கீழும் அதிருப்தியாளர் என்பது கணக்கு. நாங்களும் ஒரு தளத்தில் வைத்துப் பார்த்தோம். மூத்த அக்காமார் எல்லோரும் ஏழு போட்டார்கள். தொழில் விழுந்துவிட்டது என்று உரிமையாளர் தலையில் கை வைத்தார். விசாரித்துப் பார்த்தால், அவர்களுக்கு நல்ல திருப்தி! கட்டுரைக்குப் பத்துக்கு ஏழு வாங்கினாலே வீட்டில் கொண்டாடிய காலத்துப் பிள்ளைகள். இங்கே முன்வரிசையில் இருக்கும் ரீச்சர் ஒருவர் எட்டுக்கு மேல் யாருக்கும் போட்டதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய மாணவியிடம் போய்ப் பத்துக் கேட்டால் கிடைக்குமா?

எங்கள் ஆட்களிடம் இன்னொரு பழக்கம். நேரே கேட்டால் "நல்லாயிருக்கு" என்பார்கள். குறையைப் பக்கத்து வீட்டில்தான் சொல்வார்கள். கலியாண வீட்டுச் சாப்பாட்டை வாசலில் வைத்து யாராவது குறை சொல்லியிருக்கிறார்களா? வான் ஏறியதும்தானே ஆரம்பிக்கும். ஆகவே "எங்கள் தளம் பிடித்திருக்கிறதா" என்ற கேள்வியால் ஒன்றும் கிடைக்காது. பிரித்தானிய அரசாங்கத்தின் கவ்.யூகே தளத்தைப் பாருங்கள். பக்கத்தின் அடியில் இந்தப் பக்கம் பயன்பட்டதா என்று ஒரு சிறு கேள்வி. குறை சொல்ல வேண்டுமானால் இரண்டே பெட்டிகள்: நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன பிழைத்தது. யாரையும் புகழவோ இகழவோ சொல்லவில்லை. நடந்ததைச் சொல் என்று கேட்கிறது. நடந்ததைச் சொல்ல எங்கள் ஆட்களுக்குக் கூச்சம் இல்லை, பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். வடமராட்சித் தளத்தில் பழைய படிவத்தை எடுத்துவிட்டு "எதைத் தேடி வந்தீர்கள்? கிடைத்ததா?" என்று இரண்டு வரி வைத்தோம். அந்தக் கிழமையே ஒருவர் எழுதினார்: "ஒடியல்மா தேடி வந்தனான். இல்லை எண்டு சொல்லுது. ஆனால் படத்தில இருக்கு."

அவர் சொன்னதை வைத்துத் தேடற்பெட்டியின் பதிவை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வருகிறவர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். கைபேசியில் தமிழ் விசைப்பலகை இல்லை, இருந்தாலும் பழக்கமில்லை. ஒடியலை ஒருவர் ஒரு மாதிரி எழுதுகிறார், சத்துமாவை இன்னொருவர் நாலு மாதிரி எழுதுகிறார். தளம் எல்லோருக்கும் "முடிவுகள் இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் முறைப்பாடு செய்யவில்லை, போய்விட்டார்கள். ஒரு பின்னேரம் இருந்து அந்த எழுத்துக்கூட்டல்களையெல்லாம் சேர்த்துவிட்டோம். செலவு ஒரு பின்னேரம், இரண்டு பிளேன்ரீ. இன்னும் பாமினி எழுத்துருவில் செய்த பழைய பக்கங்களை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ் தெரியும், கூகிளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

வாய் திறவாமல் போகிறவர்களின் செய்தியை வாசிப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான பாடம். ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009 இல் எழுதிய ஒரு சம்பவம் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெரிய இணைய வியாபாரத் தளத்தில், பணம் கட்டுவதற்கு முன் "பதிவு செய்" என்று ஒரு பொத்தான் இருந்தது. புதியவர்கள் எரிச்சலோடு திரும்பினார்கள், பழையவர்கள் கடவுச்சொல் மறந்து திண்டாடினார்கள். ஆட்களைப் பக்கத்தில் இருத்தி வாங்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் இது வெளிப்பட்டது. பொத்தானை எடுத்துவிட்டு "தொடரவும்" என்று ஒன்று வைத்து, கணக்குத் திறக்கத் தேவையில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்களின் தொகை 45 சதவீதம் கூடியது. முதல் வருடத்தில் மேலதிக வருமானம் 30 கோடி டொலர்.

எங்களுக்கு 30 கோடி கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் "பதிவு செய்" பொத்தானும் ஒன்று இருந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஒரு மச்சாளைப் பக்கத்தில் இருத்தி, "உங்கட வீட்டு விலாசத்துக்குச் சத்துமா ஓடர் பண்ணுங்கோ, நாங்கள் வாய் திறக்க மாட்டோம்" என்றோம். தொலைபேசி இலக்கம் கேட்கிற இடத்தில் அவர் கனடா இலக்கத்தை அடித்தார். சிவப்பு எழுத்தில் பிழை என்று வந்தது. ஏனென்றால் 07 இல் தொடங்கும் பத்து இலக்கம் மட்டும் ஏற்கும்படி நாங்கள் எழுதியிருந்தோம். தபாற் குறியீட்டில் இன்னும் மோசம். எங்கள் நாட்டுக் குறியீடு ஐந்து இலக்கம், யாழ்ப்பாணம் 40000. கனடாவினதில் எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். பெட்டி எழுத்தை ஏற்காது. மச்சாள் மூன்று தரம் முயன்றார். "நான்தான் பிழையா அடிக்கிறன் போல" என்றார். எங்களுக்கு வாய் துறுதுறுத்தது, இருந்தாலும் பேசவில்லை. பிறகு கூடையின் படத்தைப் பார்த்து, "இதேன் இதில பிள்ளை வண்டில் கீறியிருக்கு?" என்று கேட்டார்.

வெளிநாட்டுக்கு விற்கவென்றே செய்த தளம், வெளிநாட்டு விலாசத்தை ஏற்கவில்லை! அதுவரை வந்த வெளிநாட்டுக் கட்டளைகள் எப்படி வந்தன என்று தேடினோம். எல்லோரும் ஊரிலிருக்கும் அம்மா, மாமி, சித்தப்பாவின் விலாசத்தைப் போட்டுவிட்டு, குறிப்பு எழுதும் பெட்டியில் தங்கள் உண்மையான விலாசத்தை எழுதியிருக்கிறார்கள். எங்கள் பிழைக்கு நீங்களே வழி கண்டுபிடித்து, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சமாளித்திருக்கிறீர்கள். விடுதியில் வளர்ந்தவர்கள் அல்லவா.

இப்படிப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு ஐந்து பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் 2000 இல் எழுதினார். பெரும்பாலான குறைகள் முதல் ஐந்து பேரிலேயே அகப்பட்டுவிடும், ஆறாவது ஆளைத் தேடுவதைவிட, அகப்பட்டதைத் திருத்திவிட்டு இன்னொரு ஐந்து பேரைக் கூப்பிடுவது மேல் என்பது அவர் சொன்னது. இங்கே ஒரு பழைய மாணவிகள் சங்கம் இருக்கிறது. ஐந்து பேருக்குப் பஞ்சமா? ஒருவருக்கொருவர் இருந்து கொடுங்கள். பக்கத்தில் இருக்கும்போது வாயை மூடியிருப்பதுதான் பயிற்சி, எங்கள் இருவருக்கும் அது இன்னும் முழுதாக வரவில்லை.

தளம் வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஏதாவது அசைய வேண்டும். கூகிள் 2024 மார்ச்சிலிருந்து இதைத் தன் முக்கிய அளவீடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. 200 மில்லிசெக்கனுக்குள் அசைந்தால் நல்லது என்கிறது. அசையாவிட்டால் ஆட்கள் திரும்ப அழுத்துவார்கள், இரண்டு தரம் பணம் போய்விடும், அடுத்த நாள் உங்களுக்கு அழைப்பு வரும்.

இனிக் குறை வந்த பிறகு என்ன செய்வது. மேற்றனை மறுபடி நினையுங்கள். அவர் பேணியைத் தனியே அறைக்குள் கொண்டுபோய் வாசிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் வாசித்தார், முடியாததற்கு முடியாது என்றும் ஏன் என்றும் சொன்னார். வடமராட்சித் தளத்தில் இப்போது அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. நீங்கள் கேட்டது, நாங்கள் செய்தது என்று இரண்டு நிரல். தையல் விட்ட பைக்குப் பதிலாக இரட்டைப் பை. தபாற் குறியீடு திருத்தியாயிற்று. விலை குறைக்க முடியாது, ஏனென்றால் சரக்குக் கூலி கூடிவிட்டது. சத்துமாவை இப்போது தனி மெஷினில் அரைக்கிறார், கடன் எடுத்து வாங்கியது. அதைப் பற்றியும் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, கச்சானும் எள்ளும் அந்த அறைக்குள்ளேயே வருவதில்லை என்ற வரியோடு. அந்த வரியை எழுதச் சொன்னது அந்த அம்மாதான். நாங்கள் இந்தத் தடவை கைப்பக்குவத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கெட்ட விமர்சனத்தை அழிக்காதீர்கள். அழித்துவிட்டு, தம்பியைக் கொண்டு நல்ல விமர்சனம் எழுதுவிக்கிற பழக்கம் எங்களிடையே உண்டு, இல்லையென்று சொல்லாதீர்கள். லண்டன் தங்கச்சிமார் முக்கியமாகக் கேளுங்கோ. அங்கே 2025 ஏப்ரல் 6 முதல் போலி விமர்சனம் சட்டப்படி தடை. அமெரிக்காவிலும் மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கருத்துக் கேட்கும்போது கிடைக்கிற தொலைபேசி இலக்கங்களை எடுத்து விளம்பரக் குழுவில் சேர்ப்பதும் சரியில்லை. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், குறை சொல்ல வந்தவருக்குத் தீபாவளி வாழ்த்தும் தள்ளுபடி விலையும் அனுப்பிக்கொண்டிருந்தால் அவர் இன்னொரு தரம் வாய் திறப்பாரா?

"இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் பதில் தருவோம்" என்று தானாகப் போகிற செய்தியைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். தர முடிந்தால் போடுங்கள். அந்த அம்மாவுக்கு முடியாது, பகல் முழுக்க அடுப்படியில் நிற்கிறவர். அவருடைய தளத்தில், "செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் பதில் எழுதுவேன்" என்று இருக்கிறது. அவசரமென்றால் அழைக்க ஓர் இலக்கமும் ஒவ்வாமை பற்றிய கேள்விக்குத் தனியாக ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் எங்கள் இருவரின் கைபேசியிலும் மணி அடிக்கும். இரவு இரண்டு மணிக்கும் அடித்திருக்கிறது. கனடாவில் அது பின்னேரம்.

அந்த நாற்பத்தொரு செய்திகளுக்கும் பதில் எழுதினோம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. முப்பத்தொன்பது போய்ச் சேர்ந்தன. ஒன்று, முகவரி இப்போது பாவனையில் இல்லை என்று திரும்பி வந்தது. மற்றதில் எழுதியவர் அவசரத்தில் தன் மின்னஞ்சல் முகவரியிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டார், எங்கள் படிவமும் அதைச் சரிபார்க்கவில்லை. தொலைபேசி இலக்கமும் கேட்டு வைக்கவில்லை. விட்ட எழுத்தைச் சேர்த்து அனுப்பிப் பார்த்தோம், ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம், எல்லாம் திரும்பி வந்தன.

அவர் 92 ஆம் ஆண்டு உயர்தரம் எழுதியதாகத் தொடங்கியிருந்தார். பெயர் போடவில்லை. அம்மா வவுனியாவில் படுக்கையில் இருக்கிறார், சத்துமாக் கஞ்சி தவிர வேறொன்றும் இறங்குதில்லை, இரண்டு கிலோவை வவுனியா பஸ்ஸில் போட்டுவிட்டால் தான் நிலையத்தில் வந்து எடுத்துக்கொள்வேன், காசை முதலே கட்டிவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். பஸ் ஒவ்வொரு நாளும் போகிறது. அந்த வேலையை அன்றைக்கே செய்திருக்கலாம்.

இந்த உரை நூற்றாண்டு மலரில் வரும் என்று செயலாளர் சொன்னார். மலர் எங்கேயெல்லாமோ போகும். அந்த அக்கா இதை வாசித்தால், அல்லது அவரைத் தெரிந்த 92 பிரிவு அக்காமார் யாராவது வாசித்தால், எங்கள் இலக்கம் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. ஒரு தரம் அழையுங்கோ அக்கா.